பருந்துக்கு நஞ்சு வேண்டாம், கூட்டுக்குக் கூரை வேண்டும்



ஒரே லயத்தில் அடுத்தடுத்த காம்பராவில் இருக்கும் இரண்டு குடும்பங்கள் மூன்று மாதமாக முகம் பார்த்துப் பேசுவதில்லை. இரண்டும் நமது சங்கக் குடும்பங்கள். இரண்டு வீட்டு அக்காமாரும் ஒரே மலையில் பக்கத்துப் பக்கத்து நிரையில் கொழுந்து எடுப்பவர்கள். ஒருவர் கூடையை மற்றவர் தூக்கிவிட்ட காலம் போய், இப்போது பீலிக்கரையில் ஒருவர் வந்தால் மற்றவர் குடத்தை எடுத்துக்கொண்டு விலகிப் போகிறார்.

காரணம் சம்பளமல்ல, காணியல்ல, கட்சியுமல்ல. கோழிக்குஞ்சு. ஒரு வீட்டில் அடை வைத்துப் பொரித்த பதினொரு குஞ்சில் ஐந்தை ஒரே வாரத்தில் பருந்து தூக்கிவிட்டது. ஆறாவது குஞ்சு நகம் பட்டுக் கீழே விழுந்து செத்தது. அந்த வீட்டு அண்ணன் ஆத்திரத்தில் செத்த குஞ்சின் வயிற்றுக்குள் மரக்கறிக்கு அடிக்கும் பூச்சிமருந்தை வைத்துக் கானுக்கு அப்பால் ஒரு கல்லின் மேல் போட்டார். பருந்து வரவில்லை. குஞ்சு தூக்கும் பருந்து பெரும்பாலும் உயிரோடு ஓடுவதைப் பிடிக்கிற பறவை. செத்தது அதற்கு அவ்வளவாகக் கண்ணில் படாது. வந்தது இரண்டு காகம். பிறகு அடுத்த வீட்டு நாய். இரவில் கீழ்க்காட்டிலிருந்து சிறுத்தை ஏறினால் லயம் முழுவதையும் எழுப்பிவிடுகிற நாய் அது. விடியும்போது வாயில் நுரையோடு இஸ்தோப்பு வாசலில் கிடந்தது.

இதோடு முடிந்திருந்தால் நாய்ச் சண்டை என்று விட்டிருக்கலாம். நாய் சாவதற்கு முன்தினம் பின்னேரம், பிள்ளைக் காம்பராவிலிருந்து பாட்டி கூட்டிக்கொண்டு வந்த மூன்று வயதுப் பிள்ளை, கல்லின் மேல் கிடந்த குஞ்சைப் பார்த்து “தூங்குது” என்று எடுக்கப் போயிருக்கிறது. பாட்டி கையைத் தட்டிவிட்டார். நஞ்சு வைத்தது தெரிந்து தட்டவில்லை. அழுக்கு என்று தட்டினார். அந்தத் தட்டல் இல்லாவிட்டால் இந்த மாதம் இந்தப் பக்கத்தில் வேறு செய்தி எழுதியிருப்போம்.

கிளைக் கூட்டத்தில் இரண்டு பக்கமும் எழும்பி நின்றார்கள். ஒருவர் பொலிசுக்குப் போவேன் என்றார். இன்னொருவர் சந்தாவை நிறுத்துவேன் என்றார். சமாதானம் பேச என்னை அனுப்பினார்கள். சமாதானம் முழுதாக வரவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அன்று அந்த லயத்தில் உட்கார்ந்து கேட்டதும், பிறகு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து கவனித்ததும் எல்லாத் தோட்டத்துக்கும் பொருந்தும் என்று தோன்றியதால் எழுதுகிறேன்.

தலையங்கம் எழுதுகிற இடத்தில் கோழிக்கதையா என்று சில தலைவர்மார் கேட்பார்கள். கேட்பவர்கள் பெரும்பாலும் ஆண்கள். கோழிக்காசு எங்கே போகிறது என்று வீட்டில் விசாரித்துவிட்டு வந்து கேட்கட்டும்.

2021 இல் நாட்சம்பளம் 1000 ரூபா ஆனது. 2024 இல் அடிப்படைச் சம்பளம் 1350 ரூபா ஆனது. ஒவ்வொரு ரூபாவுக்கும் நாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தச் சம்பளமும் மழை நாளில் வேலை குறைந்தால் குறைகிறது, நிறை குறைந்தால் அரைப்பேராகிறது, சம்பளச் சீட்டில் கடன் கழிந்த பிறகு கைக்கு வருவது வேறு கணக்கு. சம்பளச் சீட்டில் ஏறாத, கணக்கப்பிள்ளை பார்க்காத, சாராயக் கடைக்கும் போகாத காசு ஒன்று லயத்தில் இருக்கிறதென்றால் அது கோழிக்காசுதான். என் அம்மாவும் கொழுந்துக்காரி. நான் சாதாரண தரம் எழுதிய வருடம் இரண்டு சேவலை விற்றுத்தான் வகுப்புக் காசு கட்டினார். என் வகுப்பில் இன்று உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளில் எத்தனை பேரின் சப்பாத்து எந்த வீட்டு முட்டை என்று எனக்குச் சொல்ல முடியும்.

விற்கிற முட்டை ஒரு பக்கம். தின்ன வேண்டிய முட்டை இன்னொரு பக்கம். 2016 ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார மதிப்பாய்வு சொல்வதைப் பாருங்கள்: நாடு முழுவதிலும் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 17.3 வீதம் பேர் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள். தோட்டத்துறையில் மட்டும் அது 31.7 வீதம். மூன்றில் ஒரு பிள்ளை என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குப் பிறகு 2022 இன் நெருக்கடி வந்தது. கோழித்தீன் விலை ஏறி, முட்டைக்கு அரசாங்கம் உச்ச விலை போட்டு, அதுவும் சரிவராமல் 2023 இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்கினார்கள். கடையில் முட்டையை ஒன்று, இரண்டு என்று எண்ணி வாங்கிய அந்த நாட்களில் வீட்டில் இரண்டு பெட்டை வைத்திருந்தவர்கள்தான் பிள்ளைக்கு ஒரு முட்டை அவித்துக் கொடுத்தார்கள். ஆகவே பருந்து தூக்குவது ஒரு குஞ்சை மட்டுமல்ல என்பதில் அந்த அண்ணனோடு எனக்குக் கருத்து வேற்றுமை இல்லை. அவருடைய கோபம் நியாயமானது. அவர் கையிலெடுத்த வழிதான் நியாயமில்லாதது, பயனும் இல்லாதது.

முதலில் குற்றவாளி யார் என்று பார்ப்போம். மேலே பறப்பதெல்லாம் நமக்குப் பருந்துதான். சிங்கள அயலவர்கள் சொல்கிற உகுஸ்ஸாவும் ராஜாலியாவும் நம் பிள்ளைகள் வாயிலும் புழங்குகின்றன. ஆனால் அவை ஒரே பறவையல்ல. தேயிலைக்கு மேலே, மரங்களின் தலையை உரசுவது போல மெதுவாக, சிறகை அசைக்காமல் போகிற பெரிய கருங்கழுகைப் பார்த்ததும் லயத்தில் கூச்சல் போடுகிறோம். அது பெரும்பாலும் மரத்திலிருக்கும் குருவிக் கூடுகளைத் தேடிப் போகிறது. உச்சியில் வட்டமிட்டுக்கொண்டு சத்தமாகக் கத்துகிற பாம்புக்கழுகு, பெயரிலேயே இருப்பது போலப் பாம்பையும் ஓணானையும் தின்கிறது. கூச்சல் போட்டு இவற்றைத் திட்டிக்கொண்டிருக்கும்போது, உண்மையான ஆள் சத்தமில்லாமல் டர்பன்டைன் மரத்தின் உட்கிளையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் பெயர் வல்லூறு. புறாவளவுதான் இருப்பார். வட்டமிட மாட்டார். மறைந்திருந்து, தாழப் பறந்து, வேலியைத் தாண்டி ஒரு நொடியில் குஞ்சைப் பற்றிக்கொண்டு போய்விடுவார். வளர்ந்த கோழியையே தூக்குவது வேறொருவர்: தலையில் குடுமியுள்ள பெரிய பருந்து. அவரும் மரத்தில் காத்திருந்து பாய்கிறவர்தான். ஒக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை வடக்கேயிருந்து வந்து தங்கிப்போகும் பறவைகளும் இருக்கின்றன.

இதை நான் புத்தகத்தில் படித்துவிட்டு மட்டும் சொல்லவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளிடம் ஒரு கொப்பி கொடுத்தேன். எந்த வீட்டில் குஞ்சு காணாமற் போனாலும் நாள், நேரம், தூக்கியது எது, யார் பார்த்தது என்று எழுத வேண்டும். பார்க்காவிட்டால் “பார்க்கவில்லை” என்று எழுத வேண்டும். இந்தக் கடைசி விதிதான் பெரிய பாடமாகப் போனது. பெரியவர்கள் “பருந்து” என்று சொன்ன பல இடங்களில் பிள்ளைகள் “பார்க்கவில்லை” என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். காலையில் கூட்டைத் திறந்தபோதே குறைந்திருந்த குஞ்சைப் பருந்து எப்படித் தூக்கியிருக்கும்? இரவில் வருவது கீரியுமல்ல, பருந்துமல்ல, மரநாயும் காட்டுப்பூனையும். பகலில் கானோரமாக வருவது கீரி. ஒரு வீட்டில் குஞ்சைத் தின்றது அவர்களுடைய சொந்தப் பூனையே என்று அந்த வீட்டுப் பையன் எழுதிவிட்டு, “அம்மாவிடம் சொல்லாதீங்க டீச்சர்” என்றும் கீழே எழுதியிருந்தான். ஒரு லயத்தில் ஒரே கிழமையில் கோழிகள் கழுத்து திருகிச் செத்தன. அது ரனிகெட் நோய். அது வருமுன் போடுகிற தடுப்பூசி அரசாங்க மிருக வைத்தியரிடம் உண்டு. பருந்தைத் திட்டிப் பயனில்லை.

பிள்ளைகள் கண்ணால் பார்த்து எழுதிய பருந்துக் கணக்கு மட்டும் ஒரு விசயத்தை உரக்கச் சொன்னது. நேரம். பெரும்பாலானவை காலை பத்து மணியிலிருந்து பகல் வரை. மூடுபனி விலகி, வெயில் ஏறி, மலைச்சரிவில் காற்று மேலெழும்பத் தொடங்கும்போதுதான் பெரிய பறவைகள் சிறகை விரிக்கின்றன. அதே நேரத்தில் லயத்தில் யார் இருக்கிறார்கள்? பெரட்டுக்குப் போனவர்கள் மலையில். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில். கைப்பிள்ளைகள் பிள்ளைக் காம்பராவில். கண் மங்கிய தாத்தா ஒருவர் இஸ்தோப்பில் வெயில் காய்ந்துகொண்டிருப்பார். காலை ஏழு மணிக்குக் கூட்டைத் திறந்துவிட்டு, நாலரைக்கு வந்து குஞ்சை எண்ணுகிற வாழ்க்கை நம்முடையது. நடுவில் ஒன்பதரை மணித்தியாலம் அந்தத் தாய்க்கோழிதான் தனியாகக் காவல் நிற்கிறது. கிராமத்தில் இப்படி இல்லை. அங்கே வீட்டில் ஒருவர் இருக்கிறார், முற்றத்தில் பலா மரம், வாழை, வேலி என்று மறைவு இருக்கிறது. நம் லய வாசல் வழித்துத் துடைத்த வெளி. ஒரு பக்கம் கான், ஒரு பக்கம் கட்டையாக வெட்டிய தேயிலை, மேலே வெறும் வானம். வல்லூறுக்கு இதைவிட நல்ல மேசை யாரும் போட்டுக் கொடுக்க முடியாது.

ஆகவே ஒரு பருந்தைக் கொன்றாலும் கணக்கு மாறாது. ஒரு மரம் காலியானால் இன்னொன்று வந்து உட்காரும். மேசையை மூட வேண்டும்.

குஞ்சு பொரித்த நாளிலிருந்து எட்டு வாரம், அதுதான் ஆபத்தான காலம். அந்த எட்டு வாரமும் தாயையும் குஞ்சுகளையும் மேலே மூடிய ஒரு அடைப்புக்குள் வைத்திருந்தால், அதற்குப் பிறகு வல்லூறுக்கு அவை பாரமாகிவிடும். குடுமிப்பருந்து மட்டும்தான் மிச்சம். அடைப்பு என்றால் மாளிகை வேண்டாம். ஆறடிக்கு நாலடி போதும், ஒரு தாய்க்கும் பத்துக் குஞ்சுக்கும். நாலு கம்பு, சுற்றிவரக் கம்பிவலை, மேலே பாதிக்குத் தகரம், பாதிக்கு வலை. தகரம் மழைக்கு, வலை வெயிலுக்கு. கம்பிவலையின் கண் பெருவிரல் நுழையாத அளவு சின்னதாக இருக்க வேண்டும். கண் பெரிதானால் குஞ்சு தலையை வெளியே நீட்டும், கீரி உள்ளே கையை நீட்டும். வலையின் அடிப்பக்கத்தை ஒரு சாண் மண்ணுக்குள் புதைத்துக் கல் அடுக்குங்கள். கீரிக்குத் தோண்டத் தெரியும், ஆனால் அது சோம்பேறி. கல் பட்டால் விட்டுவிட்டுப் போய்விடும்.

காசு இல்லாதவர்களுக்கு வழி இருக்கிறது. தேயிலைத் தவறணையில் பழசாகிக் கழித்துப் போடுகிற நிழல்வலை ஒவ்வொரு தோட்டத்திலும் குப்பையில் கிடக்கிறது. அதைக் கேட்டு வாங்குங்கள். எடுத்துக்கொண்டு வந்துவிட்டு நாளை களவு என்று பெயர் வாங்காதீர்கள், தலைவர் மூலம் கேட்டு ஒரு துண்டில் எழுத்தும் வாங்கிக்கொள்ளுங்கள். அதை இழுத்து விறைப்பாகக் கட்டினால் மேல்மூடிக்கு நன்றாகப் போதும். ஆனால் மீன் பிடிக்கிற மெல்லிய தங்கூசி வலையை மட்டும் தளரத் தளரத் தொங்கவிடாதீர்கள். பருந்து அதைக் காணாமல் வந்து சிக்கும். கொண்டைக்குருவி சிக்கும், ஆந்தை சிக்கும், சாரை சிக்கும். சிறகை முறித்துக்கொண்டு தொங்குகிற ஒன்றைப் பிள்ளைகள் முன்னால் அவிழ்த்துப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். வலை என்பது வராமல் தடுக்க, பிடிக்க அல்ல. கண்ணுக்குத் தெரிகிற தடித்த வலையாக, முரசுத் தோல் போல இழுத்துக் கட்டியதாக இருக்கட்டும்.

வலையே இல்லாவிட்டால் கயிறு. அடைப்பின் தலைக்கு மேலே ஒரு சாணுக்கு ஒன்றாகக் குறுக்கும் நெடுக்கும் தடித்த கயிறு ஓட்டிக் கட்டினால், பாய்ந்து வருகிற பறவை சிறகை விரிக்க இடமில்லை என்று பார்த்துத் திரும்பும். சௌசௌ பந்தல் உள்ளவர்கள் அதிர்ஷ்டசாலிகள். அந்தப் பந்தலின் கீழேயே கூட்டை வையுங்கள். காயும் கிடைக்கும், கூரையும் கிடைக்கும். கொடித்தோடையும் அப்படித்தான்.

குஞ்சுகளை வெளியே விட்டே ஆக வேண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியில் பத்தடிக்கு ஒரு ஒளிவிடம் வேண்டும். கவ்வாத்து மலையிலிருந்து விறகுக்குக் கொண்டுவரும் மிலாற்றை ஒரே குவியலாகப் போடாமல், இரண்டு கல்லின் மேல் குறுக்காகப் பரப்பி, கீழே ஒரு முழ உயரம் வெற்றிடம் விட்டு வையுங்கள். தாய்க்கோழி எச்சரிக்கைச் சத்தம் போட்டதும் குஞ்சுகள் ஓடி நுழைய அது போதும். ஓடி ஒளிய இடமில்லாத குஞ்சு, தாய் கத்தினால் நின்ற இடத்தில் பதுங்கிவிடுகிறது. அதுதான் வல்லூறுக்கு வேண்டியது. தீனை வெட்டவெளியில் தூவாதீர்கள், ஒளிவிடத்தின் வாயிலேயே போடுங்கள். பீலிக்குப் போகும்போதும் கோயிலுக்குப் போகும்போதும் பழைய கூடையால் கவிழ்த்துவிட்டுப் போங்கள். ஓட்டை விழுந்த கொழுந்துக்கூடைக்கு இதைவிட நல்ல ஓய்வூதியம் கிடையாது.

பழைய சீடீத் தட்டைத் தொங்கவிடலாமா என்று எல்லாரும் கேட்கிறார்கள். தொங்கவிடலாம். மூன்று நாலு நாள் பருந்து பயப்படும். பிறகு பழகிவிடும். இடத்தை மாற்றி மாற்றிக் கட்டினால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும். துணிப்பொம்மையும் அதே கதை. என் பாட்டி குஞ்சுக்கு மஞ்சள் பூசுவார். வெள்ளைக் குஞ்சுதான் முதலில் போகும் என்பது அவர் கணக்கு. அவர் பூசிய மஞ்சளையும் மீறிப் போன குஞ்சுகள் எனக்கு நினைவிருக்கின்றன. இருந்தாலும் பாட்டியிடம் வாதாட யாரால் முடியும்? காகத்தைப் பற்றி மட்டும் அவர் சொன்னது முழு உண்மை. காகம் சின்னக் குஞ்சைத் தூக்கும், ஆனால் பருந்தைக் கண்டால் கூட்டமாகச் சேர்ந்து துரத்தும். குஞ்சுகள் மூடிய அடைப்புக்குள் இருக்கும் வீட்டில் காகத்தால் நட்டமில்லை, காவல் மட்டும் மிச்சம்.

இனி, தனியாகச் செய்ய முடியாததைச் சேர்ந்து செய்வது பற்றி. சங்கத்துக்கு வேறென்ன வேலை?

கம்பிவலையைக் கடையில் அடிக்கணக்கில் வெட்டி வாங்கினால் விலை அதிகம். முழுச் சுருளாக வாங்கினால் குறைவு. ஒரு லயத்தில் எட்டு வீடு சேர்ந்து சுருளாக வாங்கிப் பங்கிடலாம். அடை வைப்பதையும் ஒரே வாரத்தில் வைத்துப் பாருங்கள். கோழி முட்டை பொரிக்க 21 நாள். ஒரே வாரத்தில் வைத்தால் ஒரே வாரத்தில் பொரிக்கும், எட்டு வாரக் காவலும் ஒன்றாகத் தொடங்கி ஒன்றாக முடியும். ஒரு பெரிய அடைப்பை நாலு தடுப்பாகப் பிரித்து நாலு தாயை வைக்கலாம். தடுப்பு கட்டாயம் வேண்டும். ஒரு தாய் மற்றத் தாயின் குஞ்சைக் கொத்திக் கொன்றுவிடும். பிறகு அதுவும் ஒரு லயச் சண்டையாகும், அதற்கும் என்னைத்தான் கூப்பிடுவீர்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அம்மாமாரில் ஒருவருக்கு அந்த அடைப்பின் பொறுப்பைக் கொடுங்கள். சும்மா அல்ல. வீட்டுக்கு ஒரு குஞ்சு என்று எட்டு வாரத்தின் முடிவில் அவருக்குக் கூலி. கூலி கொடுக்காமல் பெண்களிடம் வேலை வாங்குவதைக் கம்பனி செய்தால் நாம் கொடி பிடிக்கிறோம். நாமே அதைச் செய்யக் கூடாது.

சட்டத்தையும் சொல்லிவிட வேண்டும். 1937 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கத் தாவர, விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் பருந்தும் கழுகும் வல்லூறும் ஆந்தையும் பாதுகாக்கப்பட்ட பறவைகள். கொல்வது குற்றம். பிடிபட்டால் வழக்குக்குப் போக ஒரு நாள், தவணைக்கு ஒரு நாள் என்று பேர் விழாத நாட்கள்தான் மிச்சம். சட்டத்துக்குப் பயந்து மட்டும் இதைச் சொல்லவில்லை. கண்ணிக்கு ஆள் தெரியாது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கத்தில் கம்பிக் கண்ணியொன்றில் ஒரு கருஞ்சிறுத்தை சிக்கியதை எல்லாரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். உடவளவைக்குக் கொண்டுபோய் வைத்தியம் பார்த்தும் அது பிழைக்கவில்லை. அந்த வாரம் முழுவதும் தோட்டத்து மக்கள் என்றாலே கண்ணி வைப்பவர்கள் என்பது போலப் பேச்சு நடந்தது. காட்டை வெட்டித் தேயிலை போட்டவர்கள் யார், காட்டுக்கும் லயத்துக்கும் நடுவே இடமே விடாமல் நம்மைக் குடிவைத்தவர்கள் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அந்தப் பழியை நாமே தேடி வாங்கிக்கொள்ள வேண்டாம். நஞ்சும் அப்படியே. எலியைத் தின்கிற ஆந்தையையும் பாம்பையும் கொன்றுவிட்டு, பிறகு காம்பராவுக்குள் எலி என்று அழுவதில் என்ன இலாபம்? எலிக்காய்ச்சல் யாருக்கு வருகிறது என்று யோசியுங்கள்.

இவ்வளவும் நாம் செய்ய வேண்டியது. நிர்வாகத்திடம் கேட்க வேண்டியதும் உண்டு. நான் போன தோட்டமொன்றில், லயத்துக்குப் பின்னால் கட்டிய கோழிக்கூடுகளை ஏழு நாளில் அகற்றும்படி துண்டு ஒட்டியிருந்தார்கள். காரணம், அனுமதியில்லாத கட்டடம். நாலு கம்பும் ஒரு தகரமும் கட்டடமாம். கூட்டை உடைத்தால் கோழி வெளியே திரியும். வெளியே திரிந்தால் தவறணையைக் கிளறும், அதற்கும் துண்டு வரும். அல்லது பருந்து தூக்கும், அதற்குத் துண்டு வராது. அந்த இடத்தில் ஓர் அக்கா என்னிடம் சொன்னார்: “பருந்து ஒரு குஞ்சத்தான் தூக்குது டீச்சர், துண்டு கூட்டையே தூக்குது.”

1992 இல் தோட்டங்களைக் கம்பனிகளிடம் கொடுத்தபோது நிலமும் லயமும் அவர்கள் நிர்வாகத்துக்குப் போயின. தலைமுறையாகக் குடியிருந்தவனுக்கு ஓர் ஆணி அடிக்கவும் கேட்க வேண்டிய நிலை அப்படியே நிற்கிறது. ஏழு பேர்ச் காணியும் தனிவீடும் கிடைத்தவர்கள் வாசலில் கூடு கட்டுகிறார்கள், யாரும் துண்டு ஒட்டுவதில்லை. கிடைக்காதவர்கள்தான் பெரும்பான்மை. காணி உரிமை என்று மேடையில் பேசும்போது நாம் பெரிய பெரிய சொற்களைப் பேசுகிறோம். அந்த அக்காவுக்கு அது ஆறடிக்கு நாலடி. அதில் தொடங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

ஆகவே அடுத்த மாவட்டக் குழுவில் மூன்று கோரிக்கைகளை நிர்வாகங்களுக்கு எழுத்தில் வைக்க முன்மொழிகிறேன். குடும்பத்துக்கு ஒரு கோழிக்கூடு, குறிப்பிட்ட அளவுக்குள், அனுமதி கேட்காமலே கட்டலாம் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். கழித்த நிழல்வலையும் பழைய தகரமும் எரிக்கப்படாமல், புதைக்கப்படாமல் லயங்களுக்குத் தரப்பட வேண்டும். தேயிலைக்கு அடிக்கும் மருந்து ஸ்டோரிலிருந்து வெளியே போகாதபடி பூட்டும் கணக்கும் வேண்டும். மூன்றாவது கோரிக்கை நமக்கும்தான். மரக்கறித் தோட்டத்துக்கு வாங்கிய மருந்துப் போத்தல் இன்று எந்தெந்த வீட்டில் அரிசிப் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும். கோரிக்கை வைக்கிற கை முதலில் அந்தப் போத்தலை எடுத்துப் பூட்டி வைக்கட்டும்.

அந்த லயத்தைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை அங்கே பொது அடைப்பு ஒன்று கட்டினார்கள். சுத்தியலோடு முதலில் வந்தது நஞ்சு வைத்த அண்ணன்தான். யாரும் ஒன்றும் கேட்கவில்லை, அவரும் ஒன்றும் சொல்லவில்லை; பகல் சாப்பாட்டுக்குக் கூடப் போகாமல் கல் சுமந்தார். நாயை இழந்த வீட்டு அக்கா வெளியே வரவில்லை. பின்னேரம் தன் அடைக்கோழியை மட்டும் மகள் கையில் கொடுத்து அனுப்பினார். நாலாவது தடுப்பில் இப்போது அதுதான் இருக்கிறது. அதற்கு அடுத்த தடுப்பில் இருப்பது அந்த அண்ணன் வீட்டுக் கோழி.

கம்பிவலை சேர்ந்து வாங்க விரும்பும் கிளைகள், எத்தனை வீடு, எத்தனை அடி என்று எழுதி இம்மாத முடிவுக்குள் தோட்டத் தலைவரிடம் கொடுக்கவும். கூட்டை அகற்றும்படி துண்டு வந்தவர்கள் அதைக் கிழிக்காமல் கிளைக்குக் கொண்டுவரவும்.